மழைக் கவுன்

சென்ற சனிக்கிழமை மத்தியானம் ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் உள்ள ஒரு பேரங்காடியில் மூக்குக் கண்ணாடியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, இருபது நிமிடம் எங்கே உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் கண்ணாடி இல்லாததால் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. அன்றைக்கு அங்கே ஏதோ வேடமணியும் விழா. நீல முடி வைத்த பையன்கள், அட்டைக் கவசம் போட்ட ஓர் அப்பா, முதுகில் இறக்கை கட்டிய குழந்தைகள் என்று கூட்டம். அப்போது நகரும் படிக்கட்டில் மேலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். அவள் நிற்கிறாள், படிக்கட்டுதான் நகர்கிறது என்பது கண்ணாடி இல்லாத என் கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பலும் வெண்மையும் கலந்த ஒரு பெரிய மேகம் தானாக மிதந்து இறங்குவது மட்டும்தான் தெரிந்தது.

நம்முடைய கவுன். தோளில் உப்பி நிற்கும் அதே கைகள். இடுப்பிலிருந்து கீழே துளித்துளியாகத் தொங்கும் அதே வெள்ளி.

கிட்டே போய்ப் பார்த்தேன். சீனப் பெண், பதினேழு பதினெட்டு வயது இருக்கும். நான் முறைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "படம் எடுத்துக்கணுமா, ஆன்ட்டி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எந்தப் படத்தில் வரும் உடை இது என்று தெரியுமே என்றேன். அவளுக்கு ஆச்சரியம். தன் அம்மா காட்டிய பழைய படமாம். "உங்களுக்கு அந்தப் படம் பிடிக்குமா?" என்றாள். "என் தோழிக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து கண்ணாடிக் கடை வாசலில் உட்கார்ந்தேன். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

கூலாயில் உங்கள் வீட்டுக்கூடம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. சுவரில் மாதா படம், அதன் கீழே சிவப்பு விளக்கு, அதற்கும் கீழே தொலைக்காட்சி. உங்கள் அப்பா செம்பனைத் தோட்ட வேலையை விட்டு டவுனுக்குக் குடிவந்த புதிதில் வாங்கிய வீடியோ பெட்டி. எங்கள் வீட்டில் அது கிடையாது. எங்கள் அப்பா அரசாங்க குமாஸ்தா. செய்தி பார்க்கத்தான் டிவி என்று நினைத்தவர். பள்ளி முடிந்ததும் நான் உங்கள் வீட்டில்தான் கிடப்பேன். "ஏன் அங்க அடிக்கடி போறாய்?" என்று அம்மா கேட்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள், தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் நீங்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. அப்போது எனக்கு அது புரிந்தும் புரியாமலும் இருந்தது.

அந்தப் படத்தை மூன்று நாள் வாடகைக்கு எடுத்துவந்தாய். கடைக்காரர் திரும்பக் கேட்காமல் மறந்துபோனதாலோ, நீ திருப்பிக் கொடுக்காமல் மறந்துபோனதாலோ, அது உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒருநாள் காலையில் கண்விழிக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. அம்மாவே "யாரும்மா நீ?" என்கிறாள். கொல்லைக் கிணற்றில் இறங்கிப் போகிறாள் அவள். கிணற்றுக்கு அடியில் மழை தயாராகும் நாடு. குடைகள் தாமாக நடந்து திரியும் தெருக்கள். மழை அரசனின் மண்டபத்தில் நடனம். கூரையில் இருக்கும் ஓட்டை வழியாக மழை அவள்மேல் கொட்டுகிறது, கொட்டிய மழை கீழே விழாமல் அவள் உடம்பிலேயே கவுனாக நின்றுவிடுகிறது. நடனம் முடியும்வரை இருந்தால் அவளுக்கு வயதே ஆகாது, ஆனால் வீட்டுக்கும் போக முடியாது. பாதி நடனத்தில் அவள் கையை உதறிவிட்டு நடக்கிறாள். ஒவ்வோர் அடிக்கும் கவுன் தண்ணீராகச் சொட்டிக்கொண்டே வருகிறது. கிணற்றடிக்கு வரும்போது பழைய வீட்டுச் சட்டையோடு நிற்கிறாள்.

அந்த நடனக் காட்சியை எத்தனை தடவை திருப்பிப் போட்டிருப்போம். கடைசியில் டேப் தேய்ந்து, அந்த இடம் வரும்போது மட்டும் திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். உண்மையிலேயே மழை பெய்வதுபோல் இருக்கும். "நல்லதுதான் லா, மழை கூடிப்போச்சு" என்பாய் நீ.

எனக்கு அவள் முகம் பிடிக்கும். உனக்கு அந்த முகம் எப்படி இருந்தது என்றுகூட நினைவில் இருந்திருக்காது. உன் கண் முழுக்கத் துணியில் இருந்தது. படத்தை நிறுத்திவைத்து, எண்ணெய்த்தாளை டிவி கண்ணாடிமேல் ஒட்டி, பென்சிலால் கையின் வளைவைப் படியெடுத்தாய். தாள் கண்ணாடியில் தானாக ஒட்டிக்கொள்ளும், விரலை வைத்தால் சுருக்கென்று மின்சாரம் அடிக்கும். நீ அடிபட்டுக்கொண்டே வரைந்தாய். தோளுக்கு ஒரு தாள், இடுப்புக்கு ஒரு தாள், முதுகுப்பக்கம் அவள் திரும்பும் ஒரே நொடிக்கு இரண்டு தாள்.

"எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சிருச்சு" என்றாய் ஒரு நாள். "உள்ள கூடு மாதிரி ஒண்ணு இருக்கு. அது இல்லாட்டி இவ்வளவு துணியும் சப்புனு விழுந்துரும்."

ஐந்தாம் படிவம், பள்ளி முடியும் ஆண்டு. பள்ளி மண்டபத்தில் பிரிவு விருந்து என்று அறிவித்தார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும், விருப்பமான உடையில் வரலாம். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாலையே உங்கள் வீட்டு மேசையை ஒதுக்கிவிட்டுத் தரையில் பழைய நாளிதழ்களை விரித்தாய்.

துணிக்கு வழி தேடியது தனிக் கதை. உள்ளே மலிவு சாட்டின், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் துண்டு விலைக்கு வாங்கியது. வெளியே கொசுவலைத் துணி. கூட்டுக்கு, பெட்டிகளைக் கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை. வெள்ளிக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜிகினா வைத்தால் மேடை நாடகம்போல் இருக்கும் என்று ஒதுக்கிவிட்டாய். உன் அம்மா, நான் ஆன்ட்டி என்று கூப்பிடுபவர், அப்போது செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். சின்னச் சின்னப் பாகங்களைப் போட்டுவரும் வெள்ளிப் பைகளை அங்கே வேலை முடிந்ததும் குப்பையில் போடுவார்களாம். மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு கட்டு கொண்டுவந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடியும் இல்லை, ஈயமும் இல்லை, மழை வருவதற்கு முன்னால் வானம் இருக்குமே அந்த நிறம். "இதுதான்" என்றாய். நான் இரண்டு வாரம் வெறும் துளிகளாக வெட்டிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரலில் கத்தரிக்கோல் தழும்பு விழுந்தது.

கொசுவலை ஒரு கவுனுக்குத்தான் போதும். அதுவும் உன் கணக்கில் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால். இரண்டாவது தைக்க வழியில்லை. நீ யோசித்தாய். நீ உயரம், நான் குள்ளம். நீ ஒல்லி, நான் கொஞ்சம் பூசினாற்போல். முதுகில் பித்தான் வைக்காமல் இரண்டு பக்கமும் ஓட்டைபோட்டு நாடா கோர்த்தாய். இழுத்தால் உன் அளவு, தளர்த்தினால் என் அளவு. கீழ்விளிம்பை உள்மடித்து ஊக்கு குத்தினால் என் உயரம், ஊக்கை எடுத்தால் உன் உயரம்.

"ரெண்டு மணியிலேருந்து மூணரைக்கு நீ. மூணரையிலேருந்து அஞ்சுக்கு நான்" என்றாய். "முதல்ல நீ போடு. உனக்குத்தான் பொறுக்காது."

நான் சிரித்தேன். நீ சொன்னது சரிதான். எனக்கு மூன்று அண்ணன்கள். அவர்கள் போட்டுக் கழித்த சட்டைகளைத்தான் வீட்டில் போட்டு வளர்ந்தேன். எனக்கென்று ஓர் உடையில் நான் ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்றதே கிடையாது.

விருந்தன்று மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் வைத்து எனக்குக் கட்டிவிட்டாய். நீ நீலப் பள்ளிச் சீருடையில்தான் வந்திருந்தாய். எப்படியும் மாற்றிக்கொள்ளப் போகிறோமே என்று. முதுகில் நாடாவை ஒவ்வொரு ஓட்டையாக இழுக்கும்போது உன் மூச்சு என் கழுத்தில் பட்டது. "போ" என்று லேசாகத் தள்ளிவிட்டாய்.

மண்டபத்துக்குள் நான் நடந்துபோன அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? சத்தம் முதலில் முன்வரிசையில் நின்றது, பிறகு பின்னால் நின்றது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அந்த வெள்ளித் துளிகளில் பட்டு, கூரையெங்கும் சின்னச் சின்ன வெளிச்சங்களாகத் தெறித்தது. நான் அசைந்தால் கூரை அசைந்தது. என்னிடம் அதுவரை பேசாதவர்களெல்லாம் வந்து பேசினார்கள். டவுன் ஸ்டுடியோக்காரர் என்னை ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்தார். வந்திருந்த முக்கிய விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் தைச்சது இது?" என்று கேட்டார்.

"வீட்டுல தைச்சது, டீச்சர்" என்றேன்.

வீட்டில்தான் தைத்தது. யார் வீட்டில் என்று நான் சொல்லவில்லை.

மூன்றரை ஆனது. சுவர்க் கடிகாரம் எனக்கு நேராகத்தான் இருந்தது. மூன்றே முக்கால் ஆனபோது மேடைப் பக்கக் கதவு கொஞ்சம் திறந்தது. நீ அங்கே நின்றாய். சீருடையில், தலைமுடியை மட்டும் அந்தப் படத்தில் வருவதுபோல் உயர்த்திச் சுற்றி, நாலைந்து வெள்ளித் துளிகளை அதில் குத்தியிருந்தாய். நான் இல்லாத அந்த ஒன்றரை மணிநேரத்தில், கண்ணாடிகூட இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து நீ தலையலங்காரம் செய்துகொண்டிருந்திருக்கிறாய். உன்னைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான்கு மணிக்குப் பிறகு கதவு மூடியிருந்தது. நான் ஐந்து மணிவரை மண்டபத்திலேயே இருந்தேன்.

திரும்பி வந்தபோது நீ தரையில் உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த வெள்ளித் துளிகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாய். முடியை அவிழ்த்துப் பின்னியிருந்தாய். "நேரம் பாக்கல லா" என்றேன். "பரவால்ல, திரும்பு, அவுக்கிறேன்" என்றாய். நாடாவை ஒவ்வொரு ஓட்டையாகப் பொறுமையாக அவிழ்த்தாய். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. நீ அழுதிருந்தாலோ, என் முதுகில் ஒன்று போட்டிருந்தாலோ எல்லாம் அன்றே முடிந்திருக்கும். கவுனை நான்காக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனாய்.

அதன்பிறகு தேர்வு வந்தது. தேர்வு முடிந்ததும் நான் ஆறாம் படிவத்துக்கு ஜொகூர் பாருவில் ஹாஸ்டலுக்குப் போனேன். நீ ஆன்ட்டியோடு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினாய். சண்டை போடவில்லை என்பதால் சமாதானமும் ஆக முடியவில்லை. கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு ஒரு வாழ்த்தட்டை அனுப்பினேன், தீபாவளிக்கு நீ ஒன்று அனுப்பினாய். பிறகு அதுவும் நின்றது. என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. வேலை என்று சொல்லி அனுப்பினாய். நானும் நம்பிக்கொண்டேன்.

பள்ளி முடிந்து பதினெட்டு வருடம் கழித்து, ஒரு நாள் காலை, சிங்கப்பூர்ப் பாலம் தாண்டும் குடிநுழைவு வரிசையில் எனக்கு முன்னால் நாலாவது ஆளாக நீ நின்றாய். அன்று புகைமூட்டம். சுமத்ராவில் எரிந்த காடு நம்ம வானத்தை மூடியிருந்தது, எல்லோர் முகத்திலும் துணி. பின்னங்கழுத்தை வைத்தே உன்னைக் கண்டுபிடித்தேன். நீயே திரும்பினாய்.

"குண்டாயிட்டே லா" என்றாய்.

"நீ அப்படியேதான் இருக்கே" என்றேன்.

"பொய் சொல்லாத. வரிசையை விட்டுறாத, நகரு."

அன்றிலிருந்து ஒன்பது வருடம் நாம் ஒரே பேருந்தில் பாலம் தாண்டினோம். நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை. நீ சிங்கப்பூரில் ஒரு நாடகக் குழுவின் உடைப்பிரிவில் இருந்தாய். முதலில் சீருடை தைக்கும் பட்டறைக்குப் போனவள், அங்கே யாரோ சொல்லி இங்கே வந்ததாகச் சொன்னாய். பேருந்தில் என் மடியில் துணி மாதிரிகளைப் பரப்புவாய். அரசி, சூனியக்காரி, பறவை, இறந்துபோன மணமகள் என்று ஒவ்வொரு மாதமும் ஒருத்தி. ஜன்னலுக்கு வெளியே கடல் சாம்பலாகக் கிடக்கும், பாதி தூக்கத்தில் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள், நீ மட்டும் ஒரு சிறகு எப்படி மடங்கவேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருப்பாய். அந்த ஒன்பது வருடத்தில் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள், உங்கள் அப்பா இறந்தார், நீ கல்யாணம் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாய். எல்லாம் பேசினோம். ஓர் உடையைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் பேருந்து நின்றுவிடும், எல்லோரும் இறங்கி ஓடவேண்டியிருக்கும்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. ஒரு மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், ஒரு வருடம் நன்றாக இருந்தாய், மறுபடி எலும்பில் வந்தது. இனிமேல் வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொன்ன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஆன்ட்டி அடுப்படியில் இருந்தார். நீ கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாய். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அன்னைக்கி நேரம் பாக்கலன்னு சொன்னேன்ல. பொய். மணி பாத்தேன். கதவுகிட்ட உன்னையும் பாத்தேன்."

நீ ஒரு சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாய்.

"தெரியும் லா. நீ பாத்ததை நான் பாத்தேன்ல."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்றது? ரெண்டு வருசம் உன்மேல ரொம்பக் கோவமா இருந்தேன். தொழிற்சாலையில உக்காந்து அந்தப் பையைப் பிரிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுவேன். அப்புறம் ஓவர்டைம் வந்துச்சு, கோவப்பட நேரமில்ல." இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டாய். "தலைமையாசிரியைகிட்ட வீட்டுல தைச்சதுன்னு சொன்னியாமே. அதுதான் எனக்கு ஆறல."

அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருடமாக.

நான் மன்னித்துவிடு என்று சொன்னேன். நீ மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அலமாரி மேல ஒரு நீலப் பெட்டி இருக்கு, எடு" என்றாய்.

கொசுவலை பழுத்து, பால் டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. சாட்டின் மடிப்புகளில் கிழிந்திருந்தது. மஞ்சள் பட்டைகள் உடைந்திருந்தன. வெள்ளித் துளிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவை வெட்டிய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே மின்னின. நீ படுத்தபடியே சொல்லச் சொல்ல, மூன்று வாரம் நான் உட்கார்ந்து பழுது பார்த்தேன். எனக்குத் தையல் வராது என்பது உனக்குத் தெரியும். "அதைப் பிரி, மறுபடி தை" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். ஒரு முறைகூடச் சலுகை காட்டவில்லை.

"எங்க போட்டுக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டேன்.

"மெர்சிங்" என்றாய். "தண்ணி வத்தின கடற்கரை. நான் நடந்தா கீழேயும் நான் தெரியணும்."

மழைக்காலம் முடிந்த மார்ச் மாதம். விடிந்ததும் கிளம்பினோம். கோத்தா திங்கி தாண்டியபின் இருபுறமும் செம்பனை, அதன்மேல் பனி, வண்டி ஏதோ வெள்ளைத் துணிக்குள் நுழைந்து போவதுபோல் இருந்தது. நீ பின்சீட்டில் தூங்கினாய். கவுன் முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆளைப்போல் உட்கார்ந்து வந்தது.

காருக்குப் பின்னால் நிற்கவைத்து உனக்குக் கட்டிவிட்டேன். நாடாவைக் கடைசி ஓட்டைவரை இழுத்தும் இன்னும் இழுக்க இடமிருந்தது. இடதுபக்கம் பஞ்சு வைத்தோம். மருந்தில் கொட்டி, மறுபடி முளைத்திருந்த உன் தலைமுடி ஓர் அங்குலம்கூட இருக்காது. அதில் குத்த எதுவும் இல்லாமல், நாலு துளிகளைப் பசை வைத்து உன் நெற்றியோரம் ஒட்டச் சொன்னாய். ஒட்டினேன்.

கடல் வெகுதூரம் உள்ளே போயிருந்தது. ஈரமணல் முழுக்கக் கண்ணாடிபோல் வானம் கிடந்தது. எது மேலே, எது கீழே என்று தெரியாத வெளிச்சம். நீ செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாய். நான் பின்னால் வந்து விளிம்பைத் தூக்கிப் பிடித்தேன்.

"விடு, நனையட்டும்" என்றாய்.

விட்டேன். நீ நடந்தாய். மெதுவாக, பத்தடிக்கு ஒருமுறை நின்று, நடந்தாய். உனக்குக் கீழே இன்னொருத்தி தலைகீழாக உன்னோடு நடந்தாள். கவுன் தண்ணீரைக் குடித்துக் கனத்து உன் பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தது. தூரத்தில் படகுகள், அதற்குப் பின்னால் தீவுகள் நீலமாக. படகடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த வயதான மலாய்க்காரப் பெண்மணி ஒருவர், நாம் மக்சிக் என்று கூப்பிடும் வயது, வாளியோடு நிமிர்ந்து உன்னைப் பார்த்துக் கல்யாணமா என்று மலாயில் கேட்டார்.

"இல்ல மக்சிக், பள்ளிக்கூட விருந்து" என்று மலாயில் சொன்னாய்.

"நேரமாயிருச்சே" என்றார் அவர், கேலி இல்லாமல்.

"ஆமா, நேரமாயிருச்சு" என்றாய் நீ.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உனக்கு வழிவிட்டார். அது திறந்த கடற்கரை, வழிவிடத் தேவையே இல்லை. ஆனாலும் இரண்டடி விலகி நின்றார்.

தண்ணீர் தொடங்கும் இடம்வரை போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். மூச்சு வாங்கியது. "மூணரை ஆச்சா?" என்றாய்.

"இல்ல. இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

நீ தலையாட்டிவிட்டு மறுபடியும் நடந்தாய். நான் நின்ற இடத்திலேயே நின்று, உன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. படம் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு நினைவு வந்தபோது நீ வேண்டாம் என்றாய்.

திரும்பி வரும்போது கவுனைக் கழற்ற உனக்குத் தெம்பில்லை. ஈரத்தோடு பின்சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிட்டாய். வீட்டு வாசலில் ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். நான் கார்க் கதவைத் திறந்தேன். உன்னைக் கவுனில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. குனிந்து உன் பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் தன் சேலை முந்தானையால் துடைத்தார்.

ஏழு வாரம் கழித்து நீ போனாய். தேவாலயத்தில் உன் நாடகக் குழுவினர் பாலம் தாண்டி வந்து இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு ஆன்ட்டியின் பட்டுச்சேலையைக் கட்டினோம். கவுனை மடித்து உன் காலடியில் வைக்கச் சொன்னார் ஆன்ட்டி. வைத்தேன். அதனால் இப்போது என்னிடம் ஒரு துளிகூட இல்லை. இருக்கவேண்டும் என்றும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஆன்ட்டி வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து நான் கூலாய்க்குப் போகிறேன். இந்த இரண்டு வருடத்தில் தவறவிட்டது மூன்று வாரம்தான். அவருக்கு எண்பது ஆகிறது. கொஞ்சம் மறதி. சில நாள் நான் யார் என்பது வாசலில் நிற்கும்போது நினைவுக்கு வராது. உட்கார்ந்து காப்பி குடித்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மெர்சிங்கில் என்ன நடந்தது என்று சொல். நானும் சொல்வேன். பனியைச் சொல்வேன், மணலைச் சொல்வேன், மக்சிக் வாளியைக் கீழே வைத்ததைச் சொல்வேன். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் அவருக்கு அது மட்டும் நினைவிருக்கும், "தீவு தெரிஞ்சிச்சின்னு சொன்னியே" என்று எடுத்துக்கொடுப்பார். யார் தைத்தது என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் உன்னை வைத்துத்தான் தொடங்குகிறேன். உங்க மக தைச்ச கவுன், ஆன்ட்டி, என்று.

சொல்லி முடிக்கும்போது அவர் கண்ணை மூடியிருப்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்திருப்பேன். அப்போது கேட்பார்.

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க ஆன்ட்டி" என்று சொல்வேன். "எல்லாரும் பாத்தாங்க. நானும் பாத்தேன்."